நரம்பிசைக் கருவிகளின் உறுப்புகளும் எண்கட்டளை இயந்திரமும்

பல்லாவரத்தை அடுத்துள்ள பொழிச்சலூர், திரிசூலம், மூவரசம்பட்டு முதலிய ஊர்களில் விளைநிலங்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. உழவு சுருங்கவே, உழவைச் சார்ந்திருந்த தச்சுத் தொழிலும் சுருங்கிற்று. ஏரும் வண்டியும் செய்த குடும்பங்களுக்குப் புதிய வேலை தேட வேண்டிய நிலையில் உள்ளோம். அத்தகைய வேலைகளுள் ஒன்றாக, வீணை, வயலின், கித்தார் ஆகிய கருவிகளின் உறுப்புகளைச் சி.என்.சி. எனப்படும் எண்கட்டளை இயந்திரத்தைக் கொண்டு செய்யும் முறையை இங்கு விளக்குகிறோம்.

கருவிகளின் வரலாற்றில் பல்லாவரத்துக்குத் தனி இடம் உண்டு. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இவ்வூரில்தான். கற்கோடரி முதல் கணிப்பொறி வரை எல்லாக் கருவியும் கைக்குத் துணையாக வந்தவையே.

இயந்திரம் இயங்கும் முறை

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-ஆம் ஆண்டில் எண்கட்டளை இயந்திரம் இயக்கிக் காட்டப்பட்டது. அன்று கட்டளைகள் நாடாவில் துளைகளாகப் பதிக்கப்பட்டன. பின்னர் அவ்வேலையைக் கணிப்பொறி ஏற்றது. செய்ய வேண்டிய உறுப்பை முதலில் கணிப்பொறியில் வரைகிறோம். வெட்டலகு செல்ல வேண்டிய பாதை எண்களாக மாற்றப்படுகிறது. மேசையில் இறுகப் பிணைத்த மரத்தின்மேல் வெட்டலகு வேகமாகச் சுழன்றுகொண்டு, இடம் வலம், முன் பின், மேல் கீழ் என மூன்று திசைகளில் நகர்ந்து மரத்தைக் குடைகிறது. வாசற்கதவுகளில் பூவேலை செய்யும் பட்டறைகளில் இதனை நம்மவர் பலரும் கண்டிருக்கக்கூடும்.

எவ்வேலைக்கு ஏற்றது?

ஒரே அளவு பலமுறை வேண்டப்படும் உறுப்புகளுக்கு இது மிகவும் ஏற்றது. கித்தாரின் விரற்பலகையை எடுத்துக்கொள்வோம். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் எனில், அதனை 17.817-ஆல் வகுத்தால் வரும் 36.5 மில்லிமீட்டரில் முதல் மெட்டு அமையும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டுக்குரிய இடைவெளி கிடைக்கும். இவ்வாறே சென்று, பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், அதாவது 325 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். இங்கு சிறிது பிசகினாலும் சுரம் கெடும். இயந்திரம் இவ்வளவைச் சோர்வின்றி ஒவ்வொரு பலகையிலும் தரும். வயலின் முறுக்காணியோ 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் வீதம் ஒடுங்க வேண்டும். அதற்குக் கடைசல் இயந்திரமே பொருத்தமானது.

வீணையின் குடத்தையும் தண்டியையும் குடையும் முரட்டு வேலையை எண்கட்டளை இயந்திரத்திடம் விடலாம். சில மில்லிமீட்டர் கனத்தை மிச்சம் வைத்து நிறுத்திவிட வேண்டும். குடத்தைத் தட்டிப் பார்த்து, நாதம் கேட்டு, கனத்தைக் குறைப்பது கைவினைஞரின் வேலை. வீணையின் 24 மெட்டுகளை மெழுகின்மேல் பதித்துச் சுரம் சேர்ப்பதும் தேர்ந்த செவியின் வேலையே. ஆகையால், இயந்திரம் வந்தால் வினைஞருக்கு வேலை போய்விடும் என்ற அச்சம் முழுவதும் பொருந்தாது. ஆயினும் குடைவு வேலையை மட்டும் நம்பியிருப்போருக்குக் கூலி குறையவே செய்யும். அவர்களுக்கே முதலில் இயந்திரப் பயிற்சி அளிப்பது நியாயமாகும்.

விவசாயிக்கு என்ன பயன்?

தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் செய்யப்படுகிறது. அதற்குரிய மரம் பண்ணுருட்டிப் பகுதியிலிருந்து வருகிறது. முற்றிய பலாமரத்தை விறகு விலைக்கு விற்றுவிடாமல், கருவி செய்வோரிடம் விலை கேட்பது நன்று. பொதுவாக, ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு வீதம் பலகையை நிழலில் காயவிட வேண்டும். ஈரம் ஆறாத மரத்தை எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் அது பின்னர் வளையும் அல்லது வெடிக்கும். புறம்போக்கு நிலத்தில் நிற்கும் மரத்தை உரிய அனுமதியின்றி வெட்டலாகாது.

பெயரில் எச்சரிக்கை

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆகவே பல்லாவரத்தில் செய்த வீணையைத் தஞ்சாவூர் வீணை என்று விற்பது சட்டப்படி குற்றமாகும். நமது பொருளை நமது ஊரின் பெயராலேயே விற்போமாக.

பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியவை

1. முதலில் கருவி செய்வோரையும் விற்போரையும் கண்டு, எந்த உறுப்பு, எத்தனை தேவை என்று எழுத்து மூலம் பெறுக. வேலை உறுதியாகும் முன் இயந்திரம் வாங்குதல் கூடாது. ஓடாத இயந்திரத்துக்கும் கடன் வட்டி ஓடும்.

2. தொடக்கத்தில் அருகிலுள்ள கதவுப் பட்டறையில் கூலிக்கு வெட்டி, மாதிரிகளை வாங்குவோரிடம் காட்டுக.

3. விலை வைக்கும்போது மரச் சேதம், மின்சாரம், வெட்டலகுத் தேய்மானம், மெருகுக் கூலி ஆகிய அனைத்தையும் கணக்கில் சேர்க்க.

4. மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். தூள் உறிஞ்சும் கருவி, முகக்கவசம், கண்ணாடி ஆகியவை இன்றிப் பட்டறையை இயக்கலாகாது.

5. பயிற்சிக்கு அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தையும், கடனுதவி பற்றி அறிய மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகுக.

தனி ஒருவரால் தாங்க இயலாத முதலைப் பல குடும்பங்கள் சேர்ந்து தாங்கலாம். தச்சர் குடும்பங்கள் நான்கைந்து ஒன்றுகூடிக் கூட்டாகத் தொடங்க முன்வருமாயின், பஞ்சாயத்து அவர்களுக்கு வழிகாட்டித் துணை நிற்க வேண்டும். உளி பிடித்துப் பழகிய தந்தையும் கணிப்பொறி பழகிய மகனும் ஒரே பட்டறையில் பணியாற்றும் நிலை ஏற்படுமானால், ஊரின் தொழில் ஊரிலேயே நிலைபெறும்.