சுக்கான் பிடிக்கும் அடுப்பு

ராத்திரி மூன்று மணி. டெக்சாஸில், ஆஸ்டின் நகரத்து வீடு ஒன்றின் கொல்லைப்புறம். மூடி போட்ட கரியடுப்புக்குள் 5 கிலோ மாட்டு நெஞ்சுக்கறி, ‘பிரிஸ்கெட்’, புகையில் குளித்துக்கொண்டிருக்கிறது. வாசனை ஆளையே தூக்குகிறது. ஆசையாய் மூடிமேல் கை வைத்தேன், அவ்வளவுதான்.

“டேய், எடுறா கையை!”

கல்லூரி நாளில்கூட நண்பனை இவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை.

அடுப்புக்குக் காவல் நாங்கள் இல்லை, ஒரு சின்னப் பெட்டி. பெயர் ‘ஹீட்டர்மீட்டர்’. அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். நண்பன் தானே சால்டரிங் வைத்துச் செய்தது. கறி கிடக்கும் கம்பிவலையில் ஒரு சென்சார். கீழே காற்றுத் துளையில் ஒரு குட்டி விசிறி. இலக்கு 107 டிகிரி செல்சியஸ். 100 ஆ? ஊது. 106? மெல்ல ஊது. 108? கப்சிப்!

எனக்குக் குஷி தாங்காத இடம் இதுதான்: பெட்டிக்கு ஊத மட்டுமே தெரியும், அணைக்கத் தெரியாது. பற்றிய கரி பற்றியதுதான். அதனால் இலக்கை எட்டும் முன்பே அடங்கத் தெரிய வேண்டும். இப்போது எவ்வளவு குறைகிறது, எத்தனை நேரமாகக் குறைகிறது, என்ன வேகத்தில் ஏறுகிறது என மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கு. பொறியாளர்கள் ‘பிஐடி’ என்பார்கள். சுக்கான் பிடிக்கும் மாலுமிகள் கப்பலைத் திருப்பும் விதத்தைக் கவனித்து, 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி எழுதிய கணக்கு அது. யோசித்தால் கப்பலும் கரியும் ஒரே ரகம். கிளம்பிவிட்டால் சட்டென்று நிற்காது!

சரி, மூடியைத் திறந்தால் என்னவாம்? உள்ளே சூடு விழும். நெருப்பு செத்துவிட்டது என்று விவரமில்லாத பெட்டி பதறி முழு மூச்சாய் ஊதும். அதற்குள் திறந்த வழியே வேறு காற்று புகுந்திருக்கும். மூடினால் கறி கரி! அதனால் திடீர்ச் சரிவைக் கண்டால் விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் புத்தியும் இந்தப் பெட்டிக்கு உண்டு. எனக்குத்தான் இல்லை.

கறியின் உள்சூடு 70ஐ ஒட்டி மணிக்கணக்காய் நகரவில்லை. கறிக்கு வியர்க்கிறதாம், ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. நானாக இருந்தால் இன்னும் ரெண்டு கை கரி அள்ளிப் போட்டிருப்பேன். பெட்டி அசரவில்லை.

காலை பத்து மணிக்கு 95. நண்பன் கம்பியைச் செருகிப் பார்த்தான். வாழைப்பழத்தில் ஊசி.

“இப்பத் திறடா.”