பாலம் தாண்டியும் நிற்கும் லாரிகள்

சாம்பியாவுக்குக் கடல் கிடையாது. அதன் செம்பு டர்பன் துறைமுகம் போய்ச் சேர சாம்பேசி ஆற்றைக் கடந்தாக வேண்டும். போட்ஸ்வானா எல்லையிலுள்ள கசுங்குலாவில் 2021 மே வரை அதற்கு இருந்தது மிதவைப் படகுதான். நடைக்கு ஒன்றிரண்டு லாரிகள் ஏறும்; மற்றவை கரையில் நாள்கணக்கில் கிடக்கும். 2003-ல் அதிகச் சுமையேற்றிய லாரியோடு மிதவை கவிழ்ந்து 18 பேர் இறந்தார்கள். இன்று அங்கே 923 மீட்டர் பாலம் நிற்கிறது. நேரே கட்டினால் ஜிம்பாப்வே எல்லைக்குள் போய்விடும் என்பதால் ஆற்றுக்கு மேல் வளைந்து செல்கிறது.

நிற்கிற லாரி டீசல் குடிக்காது என்பதோடு கணக்கு முடிவதில்லை. வண்டிக்கடன் தவணையும் டிரைவர் படியும் சரக்கில் முடங்கிய பணத்தின் வட்டியும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 98 நாடுகளின் தரவை வைத்து ஜான்கோவ், ஃப்ராய்ண்ட், ஃபாம் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏற்றுமதிச் சரக்கு ஒரு நாள் தாமதமானால் வணிகம் 1 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. அழுகும் பொருளுக்கு அடி இன்னும் பலம். ஆக, வணிகனுக்குத் தூரத்தைவிட நாள்தான் செலவு. அந்த நாளைத் தின்பது ஆறு மட்டுமா? ஒரே காகிதத்தை இரு கரையிலும் இரண்டு முறை நீட்டுவதும்தான். சாம்பியா–ஜிம்பாப்வே எல்லையான சிருண்டுவில் 2009 டிசம்பரில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் சோதிக்கும் முறை வந்தது. ஆப்பிரிக்காவில் அதுவே முதல். ஒரு பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது சொற்பம். ஆனால் ரிப்பன் வெட்ட இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

நல்ல சாலை வந்தாலே வாடகை குறையும் என்றும் சொல்ல முடியாது. டெரவனின்தோர்ன், ரபாலான் இருவரும் உலக வங்கிக்காக 2008-ல் எழுதிய ஆய்வு, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் சரக்கைத் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் சிண்டிகேட்டுகளைச் சுட்டிக்காட்டியது. லாரி ஓட்டும் செலவு குறைந்தாலும் மிச்சம் அவர்கள் பைக்குத்தான் போகும். மாறாக, 1994-க்குப் பின் லாரித் தொழில் மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்திய ருவாண்டாவில் வாடகை இறங்கியது.

சாலை போட்டால் வெளிச்சரக்கு வெள்ளமாக வந்து உள்ளூர்த் தொழிலை அடித்துப்போகாதா என்று கேட்பவர்களை அலட்சியப்படுத்த முடியாது. வழிகள் யாருக்காகப் போடப்படுகின்றன என்ற கேள்வியும் உண்டு. 1905-ல் விக்டோரியா அருவியருகே ரயில் பாலம் கட்டியவர்களின் கண் சுரங்கத்தின் மேல்தான் இருந்தது. இன்றைய நெடுஞ்சாலைகளும் பெரும்பாலும் சுரங்கத்தையும் துறைமுகத்தையுமே இணைக்கின்றன. சோளம் விளைகிற ஊரிலிருந்து சந்தைக்குப் போகும் மண்பாதை மழையில் சேறாகிறது. இந்தக் குறை நியாயமானது. ஆனால் மோசமான வழி உள்ளூர் மாவு ஆலைக்காரருக்கு அரணாவது ஒரு பக்கம்தான். அவர் வாங்கும் உதிரிபாகமும் விவசாயி வாங்கும் யூரியாவும் அதே வழியில்தான் விலையேறி வருகின்றன. போட்டிக்கு அஞ்சினால் இறக்குமதி வரி போடலாம். வேண்டாதபோது எடுத்தும் விடலாம். சேற்றை அப்படி எடுக்க முடியாது.

கசுங்குலாவில் சில நிமிடங்களில் ஆற்றைக் கடக்கும் லாரி வடக்கே காங்கோ எல்லையான கசும்பலேசாவை எட்டும்போது, அங்கே பல கிலோமீட்டர் நீளும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே குறுக்கே ஆறு எதுவும் ஓடவில்லை.