பால் கொடுக்கும்போது வலிக்கிறதா? பல்லைக் கடிக்காதீர்கள், பிடியைத் திருத்துங்கள்!

இரவு இரண்டு மணி. வெளியே பனி கொட்டுகிறது. மத்திகிரியில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

பிள்ளை பெற்று நான்கு நாள் ஆன இளந்தாய் ஒருத்தி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை பசியால் வீரிடுகிறது. அவளோ சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு கண்ணீர் வடிக்கிறாள்.

"ஏன் அம்மா அழுகிறாய்?" என்று கேட்கிறார் மாமியார்.

"காம்பு வெடித்துவிட்டது, அத்தை. குழந்தை வாய் வைத்தாலே உயிர் போகிறது."

"முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள். நாங்கள் எல்லாம் பிள்ளை பெறவில்லையா?"

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை பேசுகிறார்கள். மூன்று பாஷையிலும் இந்தப் பேச்சு உண்டு.

மாமியார் சொன்னது அன்பினால்தான். ஆனால் அந்த யோசனை சரியல்ல.

பால் கொடுக்கத் தொடங்கும் முதல் வாரத்தில், குழந்தை வாய் வைத்தவுடன் சிறிது நேரம் கூச்சமும் எரிச்சலும் இருப்பது சகஜம். பால் இறங்கத் தொடங்கியதும் அது அடங்கிவிடும். குழந்தை குடித்து முடிக்கும்வரை வலித்தால், காம்பு வெடித்தால், ரத்தம் கசிந்தால் அது சகஜம் அல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால் வலி போய்விடும்.

பண்ணைக்காரர் அறிந்த உண்மை

மத்திகிரி என்றதும் நினைவுக்கு வருவது கால்நடைப் பண்ணை. 1824-ம் ஆண்டில் தொடங்கிய பண்ணை அது. முதலில் ராணுவத்தார் அங்கே குதிரை வளர்த்தார்கள். பிறகு மாடுகளுக்குப் பேர்பெற்ற இடமாயிற்று. இந்த வட்டாரத்தில் மாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு.

பால் கறக்கத் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கட்டைவிரலை மடக்கி, காம்பை நெரித்துக் கறந்தால் மாடு உதைக்கும். காம்பு புண்ணாகும். காம்பு முழுவதையும் உள்ளங்கையில் அடக்கிக் கறந்தால் மாடு அசையாமல் நிற்கும். பாலும் தாராளமாக இறங்கும்.

தாயை மாட்டோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். பிடி என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டத்தான் இதைச் சொன்னோம். குழந்தையின் வாயும் ஒரு பிடிதான். நுனியை மட்டும் பிடித்தால் வலிக்கும். வாய் நிறையப் பிடித்தால் வலிக்காது.

ஏன் வலிக்கிறது?

உங்கள் நாக்கின் நுனியால் மேல் அண்ணத்தைத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் எலும்பு போலக் கெட்டியாக இருக்கும். பின்பக்கம் போகப் போக மெத்தென்று இருக்கும். குழந்தையின் வாயும் அப்படியே.

காம்பு வாயின் உள்ளே வெகுதூரம் போய், அந்த மெத்தென்ற இடத்தை எட்ட வேண்டும். அங்கே அதை நசுக்க எதுவும் இல்லை. குழந்தை காம்பு நுனியை மட்டும் கவ்வினால், அது நாக்குக்கும் கெட்டியான அண்ணத்துக்கும் நடுவே சிக்கி நசுங்குகிறது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்கிறோம். அத்தனை தடவையும் நசுங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

பிடி சரியில்லையா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. குழந்தை வாயை எடுத்தவுடன் காம்பைப் பாருங்கள். அது உருண்டையாக இருந்தால் நல்ல பிடி. ஒரு பக்கம் சாய்வாகச் சப்பிப் போயிருந்தால் பிடி தவறு.

சரியான பிடி எப்படி?

முதலில் தாய் வசதியாகச் சாய்ந்து உட்கார வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, குழந்தையைத் தாங்க ஒரு தலையணை. தாய் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும்.

குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே தண்ணீர் குடிக்க முடியாதே! பச்சைக் குழந்தை என்ன செய்யும்?

குழந்தையின் மூக்குக்கு நேரே காம்பு இருக்கும்படி பிடியுங்கள். காம்பால் மேலுதட்டை மெதுவாகத் தொடுங்கள். கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறக்கும்வரை காத்திருங்கள். திறந்தவுடன் குழந்தையைச் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். முகவாய் முதலில் மார்பில் பட வேண்டும்.

பிறகு நான்கு அடையாளங்களைப் பாருங்கள்.

ஒன்று: வாய் அகலத் திறந்திருக்கிறது.

இரண்டு: கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கிறது.

மூன்று: முகவாய் மார்பில் பதிந்திருக்கிறது.

நான்கு: காம்பைச் சுற்றியுள்ள கரு வட்டம் குழந்தையின் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும், கீழே குறைவாகவும் தெரிகிறது.

நான்கும் இருந்தால் பிடி சரி. வலி தொடர்ந்தால், சகித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அதற்காகக் குழந்தையை வெடுக்கென்று இழுக்கவும் கூடாது, புண் பெரிதாகும். சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழையுங்கள். பிடி தானே விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். ஐந்து தடவை தொடங்க நேர்ந்தாலும் பாதகம் இல்லை. குழந்தையும் புதிது, தாயும் புதிது. இருவரும் கற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும்.

புண்ணுக்கு என்ன மருந்து?

பெரும்பாலும் மருந்து தாயிடமே இருக்கிறது. பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலரவிடுங்கள். பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 2014-ம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒன்றும் பூசாமல் விட்டாலும், தாய்ப்பாலையே தடவினாலும், விலை கொடுத்து வாங்கும் களிம்புக்கு அது குறைந்ததல்ல என்பதே அந்த முடிவு. எந்த முறையைக் கையாண்டாலும், பெரும்பாலான தாய்மாருக்குப் பிரசவமாகி ஏழு முதல் பத்து நாளில் வலி வெகுவாகக் குறைந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். சோப்பு தோலை வறட்டி, வெடிப்பை அதிகமாக்கும். தினமும் குளிப்பதே போதும். குழந்தையின் வாய்க்குள் போகக்கூடாத எதையும் பூசாதீர்கள். தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்து.

வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். பால் கட்டி மார்பு கல்லாக இருந்தால், குழந்தையால் வாய் நிறையப் பிடிக்க முடியாது. கையால் சிறிது பாலைப் பீச்சி, இளக்கிக்கொண்டு கொடுங்கள்.

ஒரு பக்கம் தொடவே முடியாத வலியா? அந்தப் பக்கத்துப் பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீச்சி, பாலாடையால் புகட்டுங்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடைதான். பீச்சிய பால் அறையில் நான்கு மணி நேரம்வரை கெடாது. பாட்டில் வேண்டாம். பாட்டில் ரப்பரைச் சப்பிப் பழகிய குழந்தை, மார்பையும் நுனியில் கவ்வத் தொடங்கலாம்.

காம்பில் கசியும் ரத்தம் சிறிது வாயில் போனாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பயந்து பாலை நிறுத்தாதீர்கள்.

தாவணகெரே டாக்டர்கள் சொன்ன வழி

சிலருக்குக் காம்பு உள்வாங்கி இருக்கும். "உனக்குப் பால் கொடுக்க முடியாது" என்று சிலர் கையை விரித்துவிடுவார்கள். அது தவறு. பக்கத்துக் கர்நாடகத்தில் தாவணகெரே நகரத்துக் குழந்தை டாக்டர் நிர்மலா கேசரியும் அவருடைய சகாக்களும் 1993-ம் ஆண்டில் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். செலவு ஒரு சிரிஞ்சின் விலைதான். சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, தண்டை அந்தப் பக்கமாகச் செருகி, மழமழப்பான மறுபக்கத்தைக் காம்பின்மீது வைத்து மெதுவாக இழுத்தால், காம்பு வெளியே வரும். அதன் பிறகு குழந்தையை விடலாம். இதை நர்சு செய்து காட்டிய பிறகே செய்ய வேண்டும். பலமாக இழுக்கக் கூடாது.

டாக்டரிடம் எப்போது போவது?

பிடி சரியாக இருந்தும் வலி போகவில்லை என்றால், வேறு காரணம் இருக்கலாம்.

குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், தாய்க்குக் காம்பில் தீயாய் எரிச்சல்: இது பூஞ்சை நோயாக இருக்கலாம். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே சமயத்தில் மருந்து வேண்டும்.

குழந்தையின் நாக்கு அடியோடு ஒட்டி, நீட்ட முடியாமல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பால் கொடுத்த பிறகு காம்பு வெளுத்துப் போய்க் குத்தினால், அது குளிரால் ரத்தக் குழாய் சுருங்குவதாக இருக்கலாம். ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் திறந்த ஜன்னல் அருகே உட்கார வேண்டாம். பால் கொடுத்ததும் மார்பைக் கதகதப்பாக மூடிக்கொள்ளுங்கள்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பால் தேங்கினால் நோய் முற்றும்.

வெட்கப்பட வேண்டாம். அங்கன்வாடியிலும், கிராம சுகாதார நர்சிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம்.

வீட்டார் கடமை

வலி தாங்காத தாய் முதலில் தேடுவது பால் பவுடர் டப்பாவை. டப்பா வந்தால் குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் பால் சுரப்பதும் குறைகிறது. "எனக்குப் பாலே இல்லை" என்று அந்தத் தாய் நம்பிவிடுகிறாள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதெல்லாம் நடக்கிறதா இல்லையா என்பது பல வீடுகளில் இந்த முதல் பத்து நாளில்தான் தீர்மானமாகிறது.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, பல ஊர்க்காரர்கள் ஓசூரைச் சுற்றிக் குடியேறிவிட்டார்கள். தாய்வீடு தொலைவில். இரவில் பக்கத்தில் இருப்பவர் கணவர் மட்டுமே. ஐயா, உங்களுக்கும் வேலை உண்டு! தலையணையை வைத்துக் கொடுங்கள். தண்ணீர் கொண்டு வாருங்கள். நான்கு அடையாளங்களையும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். கீழுதடு மடிந்திருக்கிறதா என்பது குனிந்து பார்க்கும் தாயின் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

வேலைக்குப் போகும் தாய்மார் அவசரப்பட வேண்டாம். 2017-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்கு உட்பட்ட தொழிற்சாலைகளில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. பிடி பழக அது தாராளமான காலம்.

மாமியார்மாரே, பாட்டிமாரே! "பொறுத்துக்கொள்" என்று இனிச் சொல்லாதீர்கள். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து, "எங்கே, குழந்தை எப்படிப் பிடித்திருக்கிறது, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அந்த இரவு இரண்டு மணிக்கு அழும் மருமகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.