கொழுப்பு மாத்திரை புற்றுநோயாளியின் ஆயுளை நீட்டுமா?

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு பட்டு நெசவு ஊர். குழித்தறியில் கையும் காலும் ஓயாமல் இயங்கினாலும், பொழுதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் வேலை அது. வயது ஏறும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு கொழுப்பு மாத்திரையும் சேர்ந்துகொள்வது இன்று எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 24 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம். அப்படிக் கொழுப்பைக் குறைக்க ‘ஸ்டாட்டின்’ மாத்திரை சாப்பிடுபவருக்குப் புற்றுநோயும் வந்துவிட்டால், வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: இந்த மாத்திரை புற்றுநோயையும் கட்டுப்படுத்துமாமே? மாரடைப்பைத் தடுப்பதில் இதன் பலன் ஐயமற நிரூபணமானது. புற்றுநோயில் அப்படி இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். கொலஸ்ட்ரால் உருவாகத் தேவையான ஒரு நொதியை அது தடுக்கிறது. அந்த நொதி தொடங்கிவைக்கும் அதே பாதையில்தான், செல்களைப் பெருகத் தூண்டும் சில புரதங்களுக்குத் தேவையான பொருள்களும் உருவாகின்றன. ஆகவே ஆய்வகத்தில் ஸ்டாட்டின் புற்றுசெல்களின் வேகத்தைக் குறைத்தது வியப்பில்லை. 2012-ல் டென்மார்க்கில் சுமார் 3 லட்சம் புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நோய் தெரியும் முன்பே ஸ்டாட்டின் சாப்பிட்டு வந்தவர்களிடம் புற்றுநோய் மரணம் 15 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால், மாத்திரையின் அளவு கூடியபோது பலன் கூடவில்லை. மருந்துதான் காரணம் என்றால் இது இடிக்கிறது. தவறாமல் மாத்திரை சாப்பிடுபவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனிப்பவர்கள், பரிசோதனைக்குப் போகிறவர்கள் என்பதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கக் கூடும்.

நோய் தெரிந்த பிறகு மாத்திரை தொடங்கியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் இன்னொரு பிழை நுழைகிறது. அறுபது வயதில் நெசவாளர் ஓய்வூதியம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள் என்று ஒருவர் கணக்குக் காட்டினால், ஓய்வூதியம்தான் ஆயுளைக் கூட்டியது என்போமா? அறுபது வரை உயிரோடு இருந்தவர்கள்தானே அதைப் பெற முடியும்! அதுபோலவே, நோய் தெரிந்து ஓராண்டு கழித்து ஸ்டாட்டின் தொடங்கியவர் அந்த ஓராண்டைக் கடந்தவர். அந்த ஆண்டையும் மருந்தின் வரவில் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். 2018-ல் அமெரிக்க நோயாளிகள் 17,372 பேரின் பதிவுகளை இந்தப் பிழை நேராமல் ஆராய்ந்தபோது, ஸ்டாட்டினால் ஆயுள் கூடவே இல்லை. குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்திய நேரடிச் சோதனையும் இதையே காட்டியது. சிறுசெல் நுரையீரல் புற்றுநோயாளிகள் 846 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. கீமோவோடு பிராவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சேர்த்துக் கொடுத்தும் பலன் இல்லை.

‘வேகமாகப் பரவும் ஒரு புற்றில் தோற்றதால் எல்லாவற்றிலும் தோற்கும் என்று சொல்லலாமா?’ என்று கேட்பது நியாயம். சொல்ல முடியாது. அதனால்தான் டென்மார்க்கில் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சோதிக்கிறார்கள். அதில் நல்ல முடிவு வந்தால், அந்த நோய்க்கு அந்த மருந்தை மனமார வரவேற்போம். ‘மலிவான மாத்திரைதானே, போட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்?’ என்ற கேள்விதான் ஆபத்தானது. சிலருக்குத் தசைவலி வரும். சில புற்றுநோய் மருந்துகளும், கீமோ சமயத்தில் தரப்படும் சில பூஞ்சைக்கொல்லி மருந்துகளும் ரத்தத்தில் ஸ்டாட்டினின் அளவை ஏற்றிவிடும். மாத்திரையை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம். இதற்கு நேர்மாறாக, ஸ்டாட்டினே புற்றுநோயை வரவழைக்கும் என்ற பயமும் உலவுகிறது. சுமார் 1,75,000 பேர் பங்கேற்ற 27 சோதனைகளின் தொகுப்பு அதற்கு ஆதாரமில்லை என்று 2012-லேயே காட்டிவிட்டது.

எனவே, இதயத்துக்காக ஸ்டாட்டின் சாப்பிடுபவர் புற்றுநோய் வந்ததும் பயந்து தானாக நிறுத்த வேண்டாம். புற்றுநோய்க்காக யாரும் தானாகத் தொடங்கவும் வேண்டாம். ஆரணிப் பக்கத்து மக்களுக்குக் காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும், வேலூரில் சி.எம்.சி.யும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.