பட்டறை இண்டக்‌ஷன் ஹீட்டர்: ரூபாய்க் கணக்கும் வாட் கணக்கும்

பவர் சப்ளை தருவது 24 வோல்ட், 15 ஆம்பியர். அதாவது அதிகபட்சம் 360 வாட். அதை வைத்து ஓடும் கையால் செய்த இண்டக்‌ஷன் ஹீட்டரின் செம்புக் காயிலில் சுழல்வதோ 67 ஆம்பியர். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு சிறு பட்டறைக்காரர் இதைச் செய்ய நினைத்தால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த 15 ஆம்பியருக்கும் 67 ஆம்பியருக்கும் உள்ள இடைவெளியைத்தான். பணம் எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது.

செலவுப் பட்டியல்

இரண்டு மாஸ்ஃபெட்டில் தானாகவே அதிரும் ‘மஸ்ஸில்லி’ வகை சர்க்யூட்டுக்கு இந்தப் பட்டியல். விலைகள் சில்லறையில் வாங்குவதற்கான தோராய ஒதுக்கீடு. கடைக்குக் கடை மாறும்.

- ஐ.ஆர்.எஃப்.பி. 260 மாஸ்ஃபெட், 2: ரூ. 300
- ஜீனர், வேக டையோடு, ரெசிஸ்டர்: ரூ. 80
- 0.33 மைக்ரோஃபாரட் பாலிப்ரோப்பிலீன் கெப்பாசிட்டர், 6: ரூ. 300
- 100 மைக்ரோஹென்றி சோக், 2: ரூ. 300
- கால் அங்குலச் செம்புக் குழாய், 1.5 மீட்டர்: ரூ. 350
- 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.: ரூ. 1,500
- ஹீட்சிங்க், ஃபேன்: ரூ. 350
- சிறு பம்பு, ரப்பர் குழாய்: ரூ. 350
- ஃபியூஸ், சுவிட்ச், தடித்த ஒயர்: ரூ. 400
- செராமிக் கம்பளி: ரூ. 150

மொத்தம் ரூ. 4,080. இதில் பவர் சப்ளைக்கு மட்டும் 37 சதவீதம். கெப்பாசிட்டரும் கம்பளியும் சேர்ந்தே 11 சதவீதம்தான். ஆனால் கருவி நிற்பதும் விழுவதும் அந்த 11 சதவீதத்தில்.

காயில்

ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கால் அங்குலக் குழாயை 40 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 7 சுற்று சுற்றி, சுற்றுக்குச் சுற்று 9 மில்லிமீட்டர் விட்டால், வீலர் சூத்திரப்படி 1.24 மைக்ரோஹென்றி வருகிறது. 6 கெப்பாசிட்டர் சேர்ந்து 1.98 மைக்ரோஃபாரட். இரண்டும் ஒத்ததிரும் அலைவெண் ஏறத்தாழ 102 கிலோஹெர்ட்ஸ்.

இந்த சர்க்யூட்டில் காயிலின் உச்ச வோல்ட், சப்ளையின் 3.14 மடங்கு. 24 வோல்ட்டுக்கு 75 வோல்ட். இந்த அலைவெண்ணில் காயிலின் மறுப்பு 0.79 ஓம். அதனால்தான் ஆர்.எம்.எஸ். மதிப்பில் 67 ஆம்பியர். சப்ளையிலிருந்து வருவது செலவாகும் வாட் மட்டுமே. மீதி காயிலுக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையே போய்த் திரும்புகிறது.

102 கிலோஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து 0.2 மில்லிமீட்டர் ஆழத்திலேயே அடங்கிவிடும். திடக் கம்பி வேண்டாம், குழாயே போதும் என்பதற்கு இதுவே காரணம். காயிலின் இழப்பு குறைந்தது 27 வாட். சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்குவதால் இன்னும் கூடும். நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஓடினால் 100 வாட் இழப்பைக்கூட 3 டிகிரி சூட்டேற்றத்தில் வாங்கிக்கொள்ளும். பெரிய பம்பு தேவையில்லை.

கெப்பாசிட்டர்

அதே காயில், அதே 24 வோல்ட். கெப்பாசிட்டர் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால்:

- 3 வைத்தால்: 144 கிலோஹெர்ட்ஸ், காயிலில் 48 ஆம்பியர், ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியர்
- 6 வைத்தால்: 102 கிலோஹெர்ட்ஸ், 67 ஆம்பியர், ஒவ்வொன்றிலும் 11 ஆம்பியர்
- 12 வைத்தால்: 72 கிலோஹெர்ட்ஸ், 95 ஆம்பியர், ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியர்

காயிலுக்குப் பலம் கூடும்போதே ஒவ்வொரு கெப்பாசிட்டரின் சுமையும் குறைகிறது. இன்னும் 300 ரூபாய்க்கு 6 வாங்கினால் இரண்டு லாபமும் ஒன்றாகக் கிடைக்கும். மாஸ்ஃபெட் பக்கம் பாருங்கள்: 15 ஆம்பியரில் 0.04 ஓம் மின்தடை தின்பது 9 வாட். சூடேறினால் ஏறத்தாழ இரட்டிப்பு. நல்ல ஹீட்சிங்க் அதைச் சமாளிக்கும்.

டியூனிங்

அலைவெண்ணை இந்த சர்க்யூட் தானே பிடித்துக்கொள்ளும். நாம் டியூன் செய்வது சுற்றுகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும். 7 சுற்றை 5 ஆக்கினால் காயில் 0.8 மைக்ரோஹென்றியாகி, மின்னோட்டம் 84 ஆம்பியருக்கு ஏறும். நீளத்தில் மில்லிமீட்டருக்கு 7.5 ஆக இருந்த ஆம்பியர்-சுற்று 9.3 ஆகும். சூடு அதன் வர்க்கத்தோடு ஏறுவதால் லாபம் ஒன்றரை மடங்குக்கு மேல். சப்ளையின் அம்மீட்டர் 15ஐத் தாண்டாத வரை சுற்றைக் குறைக்கலாம்.

சப்ளையை ஆன் செய்தபின் சர்க்யூட்டுக்குத் தனி சுவிட்ச் போட்டு 24 வோல்ட்டை ஒரே வீச்சில் கொடுக்க வேண்டும். வோல்ட் மெல்ல ஏறினால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒருசேரத் திறந்து ஷார்ட்டாகும். ஃபியூஸ் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. மோதிரமும் வளையலும் காயில் அருகே வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பட்டறைக்கு வெளியே இருப்பதே நல்லது.

இரும்பின் கணக்கு

12 மில்லிமீட்டர் உளிக் கம்பியின் 50 மில்லிமீட்டர் முனை 44 கிராம். 30 டிகிரியிலிருந்து 800 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 22 கிலோஜூல் தேவை. 150 வாட் உள்ளே போனால் இரண்டரை நிமிடம் என்று தாளில் வரும். நிஜத்தில் வராது. சிவந்த இரும்பு வெப்பத்தைக் கதிராக வெளியே விடுகிறது: 500 டிகிரியில் 32 வாட், 700இல் 80, 800இல் 120. 800ஐ நெருங்கும்போது மிஞ்சுவது 30 வாட்தான்.

770 டிகிரியில் இரும்பின் காந்தத்தன்மை போய்விடும். மின்னோட்டம் இறங்கும் ஆழம் 0.06 மில்லிமீட்டரிலிருந்து 1.6 மில்லிமீட்டராகி, துண்டு வாங்கும் வாட்டும் குறையும். 150 என்பது 120க்கு இறங்கினால் துண்டு அங்கேயே நின்றுவிடும். 150 ரூபாய்க் கம்பளியைச் சுற்றி இழப்பைப் பாதியாக்கினால் 60 வாட் மிச்சம். சப்ளையில் அதே 60 வாட்டைக் கூட்ட இதைவிட அதிகம் செலவாகும்.

ஒரு முனைக்கு 3 நிமிடம் என்று வைத்தால், சுவரிலிருந்து 400 வாட்டில் 0.02 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 16 பைசா.

எந்த வேலைக்கு?

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து ராஜபாளையத்தின் தொழில் சுழலும் தண்டுகளை நம்பியது. அதனால் பேரிங் சூடேற்றவே பலருக்கும் ஆசை வரும். 6205 பேரிங்கின் 25 மில்லிமீட்டர் துளை 80 டிகிரி ஏற்றத்தில் 0.024 மில்லிமீட்டர் விரியும். தண்டில் ஏற்ற அது உதவும். ஆனால் வெளியே சுற்றிய காயில் வெளி வளையத்தைத்தான் முதலில் சுடும்; விரிய வேண்டியதோ உள் வளையம். அதற்கென்றே துளை வழியே இரும்பு நுகத்தைச் செருகும் ஹீட்டர்கள் உண்டு. அங்கே அதுதான் சரி.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் இது ஆகாது. 10 லிட்டர் பாலில் 6.5 லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமென்றால் 17.5 மெகாஜூல், அதாவது 4.9 யூனிட் வேண்டும். 360 வாட் முழுதும் பாலுக்கே போனாலும் பதின்மூன்றரை மணி நேரம் ஆகும்.

துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு இது அருமையான கருவி. 33 கிராம் எடையுள்ள 16 மில்லிமீட்டர் நட்டை 300 டிகிரிக்கு ஏற்ற 4.6 கிலோஜூல், 150 வாட்டில் அரை நிமிடம். போல்ட்டுக்குச் சூடு கடக்கும் முன் நட்டு விரிகிறது, நெருப்பு இல்லாமல். உளி, பஞ்ச் முனைகளைச் சிவக்கவைத்து எண்ணெயில் தோய்க்கவும் இதுவே போதும்.

ஆகவே கையில் மிஞ்சும் பணத்துக்கு வரிசை இது: முதலில் கம்பளி, அடுத்து இன்னும் 6 கெப்பாசிட்டர், பிறகு வேலைக்கு ஏற்ற இரண்டாவது காயில். விலை கூடிய மாஸ்ஃபெட் கடைசியில் வரட்டும்.