கோயில்கள் இருக்கின்றன, ஊர் எங்கே?

புனித சவேரியாரின் திருவுடலைக் கண்டு வணங்கப் பழைய கோவாவுக்குச் செல்லும் நம் மக்கள், போம் ஜேசு பசிலிக்காவை விட்டு வெளியே வந்ததும் சற்றே திகைத்து நிற்பதுண்டு. எதிரே வெண்ணிறக் கதீட்ரல் ஓங்கி நிற்கிறது. அதன் அருகே அசிசி புனித பிரான்சிஸ் ஆலயம், அப்பால் புனித கத்தரீனம்மாள் சிற்றாலயம், இன்னும் சற்றுத் தொலைவில் புனித கயத்தான் ஆலயம். ஒவ்வொன்றும் ஒரு மறைமாவட்டமே பெருமை கொள்ளத்தக்க கட்டடம். ஆனால் அவற்றுக்கிடையே கடைவீதி இல்லை, தெருக்கள் இல்லை, வீட்டு வரிசைகள் இல்லை. புல்வெளியும் தென்னையுமே உள்ளன. நம்மோடு யாத்திரை வந்த மூதாட்டி ஒருவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “சாமி, இத்தனை கோயில் இருக்கே, ஊரைக் காணோமே?” என்று கேட்டார்.

கேட்கத்தக்க கேள்விதான். ஏனெனில் அங்கே ஊர் இருந்தது. அதுவும் சாதாரண ஊரன்று.

மாண்டவி ஆற்றின் தென்கரையில், இன்றைய பணஜிக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த அந்நகரம், பிஜப்பூர் அதில் ஷாகி சுல்தான்களின் காலத்திலேயே செழித்த துறைமுகமாகத் திகழ்ந்தது. அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே இறங்கித் தக்காணத்து அரசுகளுக்குச் சென்றன. 1510ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், புனித கத்தரீனம்மாள் திருநாளன்று, அல்புகர்க் அதனைக் கைப்பற்றினார். 1530இல் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசிய ஆட்சிபீடம் அங்கே மாற்றப்பட்டது. ஆப்பிரிக்கக் கரை தொடங்கிச் சீனத்து மக்காவ் வரை பரந்திருந்த ஒரு கடல் பேரரசுக்கு இந்த ஆற்றங்கரை நகரமே தலைநகர். கோவாவைக் கண்டவன் லிஸ்பனைக் காண வேண்டியதில்லை என்று அந்நாட்டவரே பழமொழி சொல்லிக்கொண்டனர். புகழின் உச்சியில் மக்கள்தொகை 2,00,000ஐ எட்டியது என்று கணிப்போரும் உளர். நேர்வீதி என்னும் பெருந்தெருவில் நாள்தோறும் காலையில் ஏலம் நடக்கும். பட்டும் பவளமும் அங்கே விற்கப்பட்டன, குதிரைகளும் விற்கப்பட்டன, குதிரைகளைப் போலவே மனிதரும் விற்கப்பட்டனர்.

அந்நகருக்கும் தமிழருக்கும் தொடர்பு உண்டு. 1542 மே மாதம் கோவாவில் கரையிறங்கிய சவேரியார், அவ்வாண்டு முடிவதற்குள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். 1556இல் இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் அங்கிருந்த புனித பவுல் கல்லூரியில் நிறுவப்பட்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை நாம் அறிவோம். அதற்கு முந்திய ஆண்டிலேயே கோவாவில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. நம் மொழி அச்சேறுவதற்கு வழி செய்த அக்கல்லூரியில் இன்று எஞ்சியிருப்பது சாலையோரத்து வாயில் ஒன்றே.

இத்தகைய நகரம் எவ்வாறு அழிந்தது? டச்சுக்காரரால் என்பது வழக்கமான விடை. அது பொய்யன்று. 1565இல் விஜயநகரம் வீழ்ந்ததும் குதிரை வாணிகம் தளர்ந்தது. 1603 முதல் டச்சுக் கப்பல்கள் அவ்வப்போது மாண்டவியின் வாயை அடைத்து நின்றன. 1622இல் ஓர்முஸ், 1641இல் மலாக்கா, 1656இல் கொழும்பு, 1663இல் கொச்சி என்று பேரரசின் தூண்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. ஆற்றிலும் மணல் ஏறியது. ஆயினும் வாணிகம் குன்றிய நகரம் ஏழ்மையுறும். அதற்காகவே ஆளற்றுப் போய்விடாது. கோவாவை ஆளற்றதாக்கியது பகைவரின் பீரங்கியைவிட அதன் கிணற்று நீரே என்பது நம் துணிபு.

அங்குள்ள நிலம் செம்பூறாங்கல் நிலம். அக்கல் நுண்துளைகள் நிறைந்தது. நீரை எளிதில் உட்புக விடுவது. மாளிகைக்கும் குடிசைக்கும் மலக்குழி நிலத்திலேயே வெட்டப்பட்டது. குடிநீர்க் கிணறும் அதே நிலத்தில்தான். மக்கள் பெருகப் பெருக, ஆண்டுதோறும் பருவமழை கொட்டக் கொட்ட, மேலே இட்டது கீழே இறங்கிக் கிணற்றை அடைந்தது. நகருக்கு வெளியே பங்கெனிம் என்னுமிடத்தில் நல்ல ஊற்று இருந்தது. அடிமைகள் அந்நீரைக் குடங்களில் சுமந்து வந்து தெருத்தெருவாக விற்றனர். காசுள்ளோர் வாங்கிப் பருகினர். சுமந்து வந்த அடிமை எந்த நீரைப் பருகினான் என்று சொல்லவும் வேண்டுமோ? கழிவுநீர் தேங்கிய பள்ளங்களில் கொசு பெருக மலேரியாவும் குடிகொண்டது.

எச்சரிக்கை தொடக்கத்திலேயே கிடைத்தது. 1543இல் வாந்திபேதி கோவாவைச் சூறையாடியது. சாவுமணி ஓயாமல் ஒலித்து மக்களை நடுங்கவைத்தபடியால், இறந்தோருக்கு மணி அடிக்கலாகாது என்று ஆளுநர் தடை விதித்தார். மணியை நிறுத்தினார்கள், கிணறுகளை அப்படியே விட்டார்கள். நுண்ணுயிர்களைப் பற்றி அக்காலத்தவர்க்கு எதுவும் தெரியாது என்பது உண்மையே. அதை மறந்து அவர்களைக் குற்றவாளிகளாக்குவது முறையன்று. ஆனால் எந்த நீர் நல்ல நீர் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்திராவிடில் பங்கெனிம் குடத்துக்கு ஏன் விலை கொடுத்தார்கள்?

அரச மருத்துவமனை ஒன்றும் இருந்தது. 1608இல் கோவாவுக்கு வந்து அங்கே நோயாளியாய்ப் படுத்திருந்த பிரெஞ்சுப் பயணி பிரார் தெ லவால், அதன் தூய்மையையும் வெள்ளித் தட்டில் உணவு பரிமாறப்பட்டதையும் வியந்து எழுதியுள்ளார். அதே மருத்துவமனையில், 17ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில், 25,000 போர்த்துக்கீசியப் படைவீரர் மாண்டதாகக் கணக்கிடுவர். ஊரின் அடிமைகளும் ஏழைகளும் எத்தனை பேர் மாண்டனர் என்று எண்ணியவர் யார்?

குருவாகிய நாம் இதனை எழுதுகையில் சில செய்திகளை மறைத்துவிட்டு மேலே செல்ல மனம் இடம்தரவில்லை. அந்நகரில் ஆலயங்களும் துறவற இல்லங்களும் போட்டியிட்டுக்கொண்டு எழுந்தன. பொற்பீடங்களுக்குப் பொருள் தட்டுப்படவில்லை. 1560 முதல் 1812 வரை, நடுவே சில ஆண்டுகள் நீங்கலாக, சமய விசாரணை மன்றமும் அங்கே நடந்தது. மனிதரின் நம்பிக்கையைத் துருவி ஆராய்ந்து தண்டிக்க ஆள்பலமும் பணமும் இருந்தன. அவர்கள் பருகும் நீரைக் காக்கவோ எவரும் முன்வரவில்லை. மன்றத்தின் மாளிகை இன்று இருந்த இடம் தெரியவில்லை; அதற்காக நாம் கண்ணீர் விடப்போவதில்லை. திருச்சபையின் பிள்ளைகள் உண்மையின் பெயரால் செய்த வன்முறைகளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்வார்களாக.

நம் பங்குகளில் திருவிழா ஆலோசனைக் கூட்டம் நடைபெறும் விதமும் இங்கே நினைவுக்கு வருகிறது. சப்பரத்துக்கு எத்தனை விளக்கு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று நள்ளிரவு வரை விவாதம் நடக்கும். வரும் மக்களுக்குக் குடிநீர், பெண்களுக்குக் கழிப்பிடம் என்று வாய் திறந்தால், “அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சாமி” என்பார்கள்! இத்தனைக்கும் சவேரியார் கோவாவில் இறங்கியதும் தங்கிய இடம் மருத்துவமனை. சாகக் கிடந்தோரின் படுக்கையருகே தரையில் படுத்து உறங்கியவர் அவர்.

பிறகு மக்கள் வெளியேறினர். இயேசு சபையாரே நோய்க்கு அஞ்சிப் பள்ளத்திலிருந்த புனித பவுல் கல்லூரியை விட்டுக் குன்றின் மீது குடியேறினர். 1683இல் மராத்தியர் படை சாம்பாஜியின் தலைமையில் பக்கத்துத் தீவு வரை வந்துவிட்டது. ஆளுநர் தம் செங்கோலைச் சவேரியாரின் பேழையில் வைத்து மன்றாடியதாகக் கூறுவர். மொகலாயர் படை பின்புறம் நெருங்கவே சாம்பாஜி திரும்பினார், நகரம் தப்பியது. ஆனால் தலைநகரை மர்மகோவாவுக்கு மாற்ற வேண்டும் என்னும் பேச்சு அப்போதே எழுந்துவிட்டது. 1759இல் ஆளுநர் பணஜியில் குடியேறினார். அவ்வாண்டே இயேசு சபையார் போர்த்துக்கீசிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1775இல் நகரில் எஞ்சியிருந்தோர் 1,600 பேர். அதனைப் புதுப்பிக்குமாறு லிஸ்பனில் அமைச்சராயிருந்த பொம்பால் ஆணையிட்டார். வேலைக்கு வந்தோரும் காய்ச்சலில் விழுந்ததால் திட்டம் கைவிடப்பட்டது. 1835இல் ஏனைய துறவற சபைகளும் கலைக்கப்பட்டன. 1843இல் பணஜியே தலைநகரென முறைப்படி அறிவிக்கப்பட்டது. புதிய நகரைக் கட்டப் பழைய நகரின் கற்களே பெயர்த்துச் செல்லப்பட்டன. மூதாட்டியின் கேள்விக்கு ஒருவகையில் இதுவே நேரான விடை: ஊர் பணஜியின் சுவர்களில் இருக்கிறது. மாளிகைகளும் கடைகளும் போயின. வழிபாடு நடந்த ஆலயங்கள் மட்டும் தப்பின.

எல்லா ஆலயங்களும் தப்பவில்லை. பசிலிக்காவுக்கு மேற்கே குன்றின் மேல் அகுஸ்தீனார் சபையின் பேராலயம் 1602இல் எழும்பியது. ஆள் நடமாட்டமற்றுப் போனபின், 1842இல் அதன் கூரை வளைவு இடிந்தது. 1931இல் முகப்பு சரிந்தது. 46 மீட்டர் உயரக் கோபுரத்தின் ஒரு பகுதி மட்டும் செந்நிற எலும்புபோல் நிற்கிறது. அவ்விடிபாடுகளைத் தோண்டிய தொல்லியல் துறையினர், 1624இல் பாரசீகத்தில் விசுவாசத்துக்காக உயிர் நீத்த ஜார்ஜிய நாட்டு அரசி கெத்தவானின் எலும்பைக் கண்டெடுத்தனர். மரபணு ஆய்வு நடத்தப்பட்டு, 2021இல் அத்திருப்பண்டம் அரசியின் தாயகத்துக்கு அனுப்பப்பட்டது. கோபுரத்தின் பெருமணி, கூரை விழுந்த காலத்திலேயே அகற்றப்பட்டு, சில ஆண்டுகள் அகுவாதாக் கோட்டைக் கலங்கரை விளக்கத்தில் தொங்கியது. 1871 முதல் பணஜி அமல உற்பவ அன்னை ஆலயத்தின் உச்சியில் இருந்து ஒலித்துவருகிறது.