ஜீரோ காட்டினா போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கும்போது கவனிச்சிருப்பீங்க. கடைக்காரர் காலி டப்பாவைத் தராசில் வைத்து, ஒரு பட்டனைத் தட்டி ஜீரோ ஆக்கிவிட்டுத்தான் கோவாவை அள்ளுவார். அதுதான் ஆஃப்செட் திருத்தம். ஆனா அதே தராசு 1 கிலோ எடைக்கல்லுக்கு 980 கிராம் காட்டினால், அந்த பட்டனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது கெயின் பிழை.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை மோட்டாரை அளக்க, ஆர்டுயினோ ஊனோவில் நாங்க ஒரு பவர் மீட்டர் செய்தோம். மோட்டார் ஆஃப், மீட்டரோ 0.3 ஆம்பியர் காட்டுது. கோடில் 0.3-ஐக் கழிச்சிடலாம்னு தோணுமே? தப்பு. ஆர்எம்எஸ் கணக்கில் ஒவ்வொரு சாம்பிளும் வர்க்கமாகிறது. அதனால் நாய்ஸையும் வர்க்கமாகத்தான் கழிக்கணும். மீட்டர் 0.5 காட்டினால் 0.25-லிருந்து 0.09 போக மீதி 0.16, அதன் வர்க்கமூலம் 0.4 ஆம்பியர். நேராகக் கழித்திருந்தால் 0.2 என்று பாதியாகியிருக்கும். (ஏசி அலையைத் தூக்கிவிடும் 2.5 வோல்ட் பயாஸை மட்டும் வர்க்கத்துக்கு முன்னாடியே கழிச்சிடணும்.)

அடுத்து கெயின். கிளாம்ப் சிடி 100 ஆம்பியருக்கானது. லேபில் இருப்பதோ 1000 வாட் ஹீட்டர், சுமார் 4.3 ஆம்பியர். அவ்வளவு கீழே கேலிபரேட் செய்தால் மேலே நம்ப முடியாது. ஒரே வயரை சிடிக்குள் 10 சுற்று சுற்றுங்க, அது 43 ஆம்பியராகப் பார்க்கும். ஒற்றை வயர் மட்டும்! ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து விட்டால் ஜீரோதான் வரும். முதல் நாள் நாங்க அதைத்தான் செய்தோம்.

ஹீட்டரில் வாட்ஸ் அழகா பொருந்தியது. மில்லில் லோடு குறைந்த மோட்டாரில் மட்டும் சொதப்பியது. காரணம், ஊனோ வோல்டேஜைப் படித்த பிறகுதான் கரன்ட்டைப் படிக்கும். இடைவெளி சுமார் 100 மைக்ரோசெகண்ட். 50 ஹெர்ட்ஸில் அது 1.8 டிகிரி. பவர் ஃபேக்டர் 1-ல் இதனால் வரும் பிழை 0.05% மட்டுமே. 0.5-லோ 5%-ஐத் தாண்டும். தமிழ்நாட்டில் எச்டி இணைப்புக்கு பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதம் உண்டு. நம்ம தப்பு ரீடிங்கை நம்பி ஒருவர் கெபாசிட்டர் வாங்கினால் நஷ்டம் அவருக்குத்தான்.

அதனால் ஃபேஸ் திருத்தத்தை ஹீட்டரில் சோதிக்காதீங்க, அங்கே பிழை ஒளிஞ்சுக்கும். ஓப்பன் சர்க்யூட் டெஸ்டுக்கு எடுப்போமே, அந்த எல்பிஎஃப் வாட்மீட்டரையும் ஒரு இண்டக்டிவ் லோடையும் வைத்துச் சரிபாருங்க. வாட்மீட்டரில் கேலிபரேஷன் ஸ்டிக்கர் தேதி இருக்கான்னும் பாருங்க.

மில் பேனலில் கைவைக்கும் முன் ஒன்று: லோடு ஓடும்போது 5 ஆம்பியர் சிடியின் செகண்டரியை ஓப்பன் பண்ணவே கூடாது, ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும். முதலில் ஷார்ட்டிங் லிங்க், அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர்.